அம்மாவின் ஆள்காட்டி விரல்

குழு: செவ்வாய்ப்பேட்டை வீடு

கவிதா: அம்மாவுக்குக் கையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முடிந்தது. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறோம்.

ஏற்காடு மாமா: கைக்கு எதற்குக் கண்ணு ஸ்கேன்? போன மாதம் எடுத்த எக்ஸ்ரே போதாதா?

அம்மா: எனக்கும் அதே சந்தேகம்தான். வாசலில் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று பலகை, சுற்றிலும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

கவிதா: எக்ஸ்ரேயில் எலும்பு முளைத்திருப்பதும் மூட்டின் இடைவெளி குறைந்திருப்பதும் தெரிந்தன மாமா. ஆனால் அம்மாவுக்குப் பெரிய முண்டு சுண்டுவிரலில், வலியோ ஆள்காட்டி விரலில். அது ஏன் என்பதற்கு எக்ஸ்ரேயில் பதில் இல்லை.

அம்மா: ஒரு வருடமாக இதைத்தானே சொல்கிறேன்! கொலுசு வளையத்தைக் குறட்டால் நெரித்தால் அந்த ஒரு விரலில்தான் உயிர் போகிறது. வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள் என்றீர்கள்.

கவிதா: அம்மா சொன்னதே சரி. விரல்மேல் ஜெல்லைத் தடவிக் கருவியை மெல்ல வைத்தார் டாக்டர். நுனி மூட்டின் உள்சவ்வு தடித்துக் கருமையாகத் தெரிந்தது. டாப்ளர் என்ற வசதியைப் போட்டதும் அந்தக் கருமைக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள் விட்டுவிட்டு மின்னின. அது ரத்த ஓட்டம். சவ்வு அழன்று கிடக்கிறது என்று பொருள். சுண்டுவிரலில் ஒரு புள்ளிகூட இல்லை.

சித்தி: அப்படியென்றால் முடக்குவாதமா? எதிர்வீட்டு அக்கா அதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறார். கேட்டு வாங்கி வரட்டுமா?

கவிதா: வேண்டவே வேண்டாம் சித்தி. முடக்குவாதம் பெரும்பாலும் மணிக்கட்டையும் விரல் தொடங்கும் மூட்டுகளையும் பிடிக்கும். காலை விறைப்பும் நெடுநேரம் விடாது. அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது, அந்த மூட்டுகளும் நன்றாக இருக்கின்றன. இது தேய்மானம்தான். தேய்மானம் என்று சொல்லிச் சொல்லியே, அதிலும் அழற்சி உண்டு என்பதை நாம் மறந்துவிட்டோம். அந்த மாத்திரையை இங்கிலாந்தில் கைமூட்டுத் தேய்மானம் உள்ள 248 பேரிடம் ஒரு வருடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை.

ஏற்காடு மாமா: எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மா ஒருவருக்குக் கட்டைவிரல் அடியில் வலி. ஸ்கேனில் புள்ளி மின்னாவிட்டால் அது வலியே இல்லை என்று ஆகிவிடுமா?

கவிதா: ஆகாது மாமா. இந்த ஸ்கேன் அனுப்பும் ஒலி எலும்பின் மேல்பரப்போடு திரும்பிவிடும், உள்ளே போகாது. எலும்புக்குள் இருக்கும் சில கோளாறுகள் எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரியும். படம் சும்மா இருந்தாலும் அவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த மூட்டை அசையாமல் தாங்கும் பட்டையைச் சில மாதம் விடாமல் போட்டால் பலருக்கு வலி குறைகிறது.

சித்தி: அக்காவுக்கு என்ன மருந்து?

கவிதா: இப்போதைக்குப் பூசும் வலி மருந்தும் விரல் பயிற்சியும். குறட்டின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கச் சொன்னார்கள்.

ஏற்காடு மாமா: அக்கா, நானும் பொறுத்துக்கொள் என்றவன்தான். மன்னித்துவிடு.

அம்மா: விடு தம்பி. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு ஜோடி கொலுசு கொடுத்தாக வேண்டும்.

சித்தி: நாளைக் காலை நான் வந்து வளையம் நெரிக்கிறேன். நீ கோத்துக் கொடு, போதும்.