வறுத்த தூளும் மாவும் விற்கிறேன், விலைப்பட்டியலைத் தவிர வேறு எதைப் பதிவிடலாம்?

உவர்மலைத் தாச்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வீட்டோடு சேர்ந்த சிறு தொழிலாக வறுத்த மிளகாய்த்தூள், சத்துமா, குரக்கன் (கேழ்வரகு) மா, ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறேன். வறுப்பதும் பொதி செய்வதும் நானும் என் மச்சாளும்தான். அரைப்பதற்கு மட்டும் பக்கத்து மில்லுக்குக் கொடுக்கிறோம். அயலவர்களும் கணவரின் அலுவலகத்தில் இருப்பவர்களும் தவறாமல் வாங்குகிறார்கள். அந்த வட்டத்தைத் தாண்டி எப்படிப் போவது என்பதுதான் இப்போதுள்ள கவலை.

முகநூல் பக்கமும் வட்ஸ்அப் வணிகக் கணக்கும் இருக்கின்றன. பொதியின் படத்தையும் விலையையும் போட்டுவிட்டால், அடுத்த வாரம் என்ன எழுதுவது என்று தெரிவதில்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அட்டை போடலாம், ஆனால் அது எல்லோருடைய பக்கத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. பணம் கட்டிப் பரப்பிய ஒரு பதிவுக்கு விருப்பக் குறிகள் நிறைய வந்தன, ஆனால் தூள் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் மிகச் சிலரே.

பெரிய செலவில்லாமல் என்னென்ன செய்யலாம்? சுற்றுலாக் காலத்தில் ஊருக்கு வருபவர்களை நம்பி ஏதாவது செய்வது பயன் தருமா? பரிசுக் குலுக்கல் வைக்கும்படி ஒருவர் சொல்கிறார், அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மத்திய வீதிக் கடை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. பலசரக்குக் கடையில் நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். வறுத்த தூள் வாங்க வருபவர் விலையைக் கேட்பது பெரும்பாலும் கடைசியில்தான். மீன் கறிக்கும் இறைச்சிக்கும் இதே தூளா, பிள்ளைகளுக்கு உறைக்குமா, எத்தனை மாதம் வைக்கலாம், போன முறை வாங்கியதைவிட இந்த முறை ஏன் கறுத்திருக்கிறது என்றெல்லாம் கேட்ட பிறகே பணப்பையைத் திறப்பார்கள். உங்கள் வட்ஸ்அப்பிலும் இவை கட்டாயம் வந்திருக்கும். பழைய செய்திகளைத் திறந்து, வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று வைத்துக்கொண்டாலே சில மாதங்களுக்கு வேறு யோசனை தேட வேண்டியிருக்காது.

நிறம் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். செத்தல் மிளகாயைச் சற்றுக் கூடுதலாக வறுத்தால் தூள் கறுக்கும், அதே தூளைக் கண்ணாடிப் போத்தலில் யன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டுச் சிவப்பு வெளிறும். மல்லி, சீரகம் போன்றவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருப்பதால், முழுச் சரக்கில் நெடுநாள் நிற்கிற மணம் அரைத்த பிறகு விரைவாகக் குறைகிறது. மில்லிலிருந்து சூடாக வந்த தூளை ஆறவிடாமல் பையில் அடைத்தால் உள்ளே ஈரம் படிந்து கட்டிபடும். உங்களுக்கு இவை அன்றாட விடயங்கள். வாங்குபவருக்கோ, இந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியும் என்ற நம்பிக்கையைத் தருபவை இவைதான். தரமானது, சுவையானது, சுத்தமானது என்று எழுதாதவர் யார்?

காணொளி எடுப்பதானால் முகம் காட்ட வேண்டிய தேவையே இல்லை. தொலைபேசியைத் தாச்சிக்கு நேர் மேலே பிடித்தால் புகையும் ஆவியும் வில்லையில் படிந்துவிடும், ஆகையால் பக்கவாட்டில் எதிலாவது சாய்த்து வையுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், மல்லி வறுபடும் சத்தமே போதும். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் கசந்துவிடும் என்பதால் அதை எந்தக் கட்டத்தில் இறக்குகிறீர்கள் என்று காட்டும் அரை நிமிடக் காணொளிக்கு ஒரு சமையற்காரர் நின்று பார்ப்பார். செத்தல் வறுக்கும்போது உங்கள் மச்சாளுக்குத் தும்மல் வந்தால் அதையும் வெட்டிவிடாதீர்கள்.

நிலாவெளி விடுதி எழுதியது:

சுற்றுலாக் காலம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருப்பதால் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் வெளிநாட்டவர் நிறைய வருகிறார்கள். அவர்களுக்கு வறுத்த தூள் விற்கலாம் என்று எண்ண வேண்டாம். தங்கும் அறையில் அடுப்பு இல்லை, முதுகுப் பையில் இடமும் இல்லை.

உங்களுக்குரியவர்கள் வேறு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அங்கே பாடசாலை விடுமுறை விட்டவுடன் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய இடங்களிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை எல்லாம் முடிந்து புறப்படும் நேரம் நெருங்கும்போது, நல்ல வறுத்த தூள் எங்கே வாங்கலாம் என்று விடுதி வரவேற்பில் வந்து கேட்காதவர் குறைவு. அந்த நேரத்தில் யாராவது ஒரு உறவினர் வீட்டில் அவசர அவசரமாக வறுத்து, பழைய பால்மாப் பையில் கட்டிக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

அவர்களுடைய கேள்விகளும் வேறு. பை வெடித்து உடுப்பெல்லாம் மணக்குமா, எடை எவ்வளவு, விமான நிலையத்தில் மறிப்பார்களா என்பவைதான் அவை. காற்றை வெளியேற்றி ஒட்டிய பையை இன்னொரு பைக்குள் போட்டு, எடையையும் உள்ளடக்கத்தையும் தெளிவாக அச்சிட்டுக் கொடுத்தால் பாதிக் கவலை தீரும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட பொடிகளைக் கைப்பையில் கொண்டுபோனால் மேலதிகச் சோதனைக்கு உட்படுத்துவார்கள், எனவே தூளை விமானத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் வைக்கும்படி ஒரு பதிவிலேயே சொல்லிவிடுங்கள். இவற்றை ஓகஸ்டில் எழுதிப் பயனில்லை. பயணச்சீட்டு எடுத்துவிட்டு ஊருக்கு என்ன கொண்டுபோவது, என்ன கொண்டுவருவது என்று குடும்பங்கள் பேசிக்கொள்ளும் மே, ஜூன் மாதங்களிலேயே எழுத வேண்டும். முற்பதிவு வாங்கினால் எவ்வளவு வறுக்க வேண்டும் என்பதும் உங்களுக்கு முன்னரே தெரிந்துவிடும்.

எங்களைப் போன்ற விடுதிகளில் உங்கள் தொலைபேசி இலக்கத்துடன் ஒரு சிறு அட்டையும் மணம் பார்ப்பதற்கு ஒரு சிறு போத்தலும் வைத்துவிட்டுப் போகலாம். கூச்சப்படாமல் கேளுங்கள், பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

மேலே சொன்னவர்கள் இருவரும் நல்ல விடயங்களைச் சொல்லியிருக்கிறார்கள். பரிசுக் குலுக்கல் பற்றி யாரும் எழுதாததால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஹப்புத்தளைப் பக்கம் போனவர்களுக்கு லிப்டன் பெயர் தெரிந்திருக்கும். தோமஸ் லிப்டன் 1871 இல் கிளாஸ்கோவில் ஒரு சிறு பலசரக்குக் கடையோடு தொடங்கியவர். 1881 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் மிகப் பெரிய பாற்கட்டி ஒன்றை வரவழைத்து, அதற்குள் தங்க நாணயங்களை மறைத்து விற்று நகரத்தையே கடை வாசலுக்கு வரச் செய்தார். இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய பிறகு அவர் செய்ததுதான் நமக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். அதுவரை கடைகளில் திறந்த பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டுவந்த தேயிலையை, எடை குறித்த கால், அரை, ஒரு இறாத்தல் பொதிகளாக விற்றார். அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி கலந்த தேயிலை என்றும் விளம்பரம் செய்தார்.

குலுக்கல் வைத்தால் பரிசுக்காக வருபவர்கள் வருவார்கள், பரிசு முடிந்ததும் போய்விடுவார்கள். கைவசம் பணம் குறைவாக இருக்கும்போது நான் அதைச் செய்யமாட்டேன். அதற்குப் பதிலாக, 'ஊர்த் தண்ணீருக்கு ஏற்ற தேயிலை' என்றதுபோல, வாங்குபவருடைய அடுப்பங்கரையை நினைத்து எழுதுங்கள். நோன்புக் காலத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சுவோம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஏற்றபடி சத்துமாவில் என்ன செய்யலாம் என்று ஒரு குறிப்பு எழுதினால் எங்கள் பெண்கள் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். கந்தசட்டியிலும் கேதார கௌரி விரத நாட்களிலும் இறைச்சிக் கறிப் படம் போடாமல் மரக்கறிக்கு உரிய தூளை முன்னால் வையுங்கள். வாழ்த்து அட்டை போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே விளங்கும்.

மாரிக்காலத்தில் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில்தான் ஒடியற் கூழ் நினைவுக்கு வரும். இளம் பெண்கள் பலருக்கு அதைச் செய்யத் தெரியாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, கசப்பை நீக்கிய பிறகுதான் கூழுக்குப் போட வேண்டும் என்பதைக்கூட அறியாமல் நேரே கரைத்து ஊற்றிவிட்டு, மா சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். அந்த ஊறவைப்பைப் படிப்படியாகக் காட்டினால் உங்கள் ஒடியல் மா விற்கும், முறைப்பாடும் குறையும்.

இனிச் சில நடைமுறை விடயங்கள். வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் (broadcast list) மூலம் போகும் செய்தி, உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பொதி கொடுக்கும்போதே இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளும்படி கேளுங்கள். வட்ஸ்அப் நிலைப் பதிவு (status) 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அன்றைக்கு வறுத்த தூளை அறிவிக்க அது பொருத்தமானது. நெடுநாள் இருக்க வேண்டிய விளக்கங்களை முகநூல் பக்கத்தில் போடுங்கள். கூகுளில் வணிகப் பக்கம் இலவசமாகவே திறக்கலாம். வீட்டு முகவரியைக் காட்ட விருப்பமில்லை என்றால் அதை மறைத்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிடவும் வழி இருக்கிறது. அங்கே கருத்து எழுதும்படி வாடிக்கையாளரைக் கேட்கலாம், ஆனால் அதற்காக விலைக் கழிவோ இலவசப் பொதியோ கொடுப்பதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன.

உவர்மலைத் தாச்சி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கொப்பி யோசனையை நேற்றே தொடங்கிவிட்டேன். வட்ஸ்அப்பில் தேடியபோது அதிகம் கேட்கப்பட்டிருந்தது விலையல்ல, 'கறிக்கு எத்தனை கரண்டி போடுவது' என்பதுதான். என் தூளில் மிளகும் பெருஞ்சீரகமும் சற்றுக் கூடுதல் என்பதால் கடைத்தூளுக்குப் போடும் அளவைப் போட்டால் காரம் மிஞ்சிவிடும், அதை இதுவரை எங்கும் எழுதி வைக்கவில்லை. முதல் காணொளி அதைப் பற்றித்தான். குலுக்கலைக் கைவிட்டுவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். பொதியில் சிங்களத்திலும் எழுதுவது தேவைதானா? குரக்கன் மா நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்று எல்லோரும் போடுகிறார்களே, நானும் போடலாமா?

மத்திய வீதிக் கடை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். போட வேண்டாம். உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதியிலோ விளம்பரத்திலோ சொல்வதற்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழுள்ள ஒழுங்குவிதிகள் இடம் தருவதில்லை. மற்றவர்கள் போடுகிறார்கள் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கும்போது உதவாது. குரக்கன் ரொட்டிக்கு மாவை எந்தச் சூட்டுத் தண்ணீரில் குழைப்பது, தேங்காய்ப்பூ எவ்வளவு சேர்ப்பது என்று எழுதுங்கள். நீரிழிவுக்காக வாங்குபவர் எப்படியும் வாங்குவார்.

சிங்களம் தேவை. இந்த நகரத்தில் மூன்று சமூகத்தினரும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள், தமிழில் மட்டும் எழுதிய பொதியை என் கடையில் சிலர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதைக் கண்டிருக்கிறேன். பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். எவை எவை எந்த மொழிகளில் வர வேண்டும் என்பதை அச்சடிக்கக் கொடுக்கும் முன்னரே உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்களச் சொற்களை இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்து அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். லேபல் தயாரானதும் ஒரு மாதிரிப் பொதியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், முன் தட்டில் வைத்து என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.