வெள்ளி மூடியிட்ட பார்க்கர் 51: கறுப்பைத் துடைக்கலாமா?

கேள்வி:
என் மாமனார் பல ஆண்டுகள் எழுதிய பார்க்கர் 51 மைப்பேனா இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. உடல் கருநிறம், மூடி ஸ்டெர்லிங் வெள்ளி, அதன் நெடுகிலும் நுண்ணிய கோடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோடுகளின் இடுக்கில் படிந்திருக்கும் கறுப்பை முழுவதும் தேய்த்து எடுத்துவிடலாமா? மேலும், மூடியைப் பின்னால் செருகி எழுதும்போது பேனா பின்பக்கமாக இழுக்கிறது. என் பிடியில்தான் பிழையா?

மறுமொழி 1:
பிடியில் பிழை இல்லை. இந்தப் பேனாவின் உடல் லூசைட் என்னும் அக்ரிலிக்கால் ஆனது. அதே கனஅளவுள்ள வெள்ளி அதைவிட எட்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. ஆகவே மூடியைச் செருகியதும் எடை பெருவிரல் இடுக்கைத் தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. மூடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். 1941இல் இது விற்பனைக்கு வந்தபோது பலரையும் வியக்கவைத்தது, தங்க நிப் நுனி மட்டும் தெரியும்படி கூட்டுக்குள் ஒளிந்திருந்த அந்த வடிவம்தான். விரைவில் உலரும் மைக்காகவே இப்பேனா உருவாக்கப்பட்டது. அந்த மை நிப்பிலேயே காய்ந்துவிடாமல் கூடு காத்தது. அந்த அமைப்பால் நமக்குக் கிடைத்த இன்னொரு நன்மை, விரல் படும் இடத்தில் திருகு மரையோ மேடோ இல்லாமல், கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருப்பது. சற்று மேலே பிடித்தாலும் கீழே பிடித்தாலும் உறுத்தாது.

மறுமொழி 2:
கறுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டெர்லிங் என்றால் 92.5 விழுக்காடு வெள்ளி; எஞ்சியது பெரும்பாலும் செம்பு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படிவதே அந்தக் கறுப்பு. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் தேய்ப்பதுபோல் இதைத் தேய்த்துவிடாதீர்கள். பற்பசை அதைவிடக் கேடு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் சிறிது வெள்ளியும் சேர்ந்தே போவதால், அந்த மெல்லிய கோடுகள் நாளடைவில் மழுங்கிவிடும், மழுங்கியதை மீட்கவும் முடியாது. மென்மையான பருத்தித் துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். இடுக்கில் கறுப்பு நிற்பதால்தான் கோடுகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. எனக்கு அதுவே இந்த மூடியின் அழகு. ரப்பர் பட்டையில் கந்தகம் உண்டு, அதைப் பேனாவோடு வைக்காதீர்கள்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியுடன் ஒரு சிறு கருத்து வேறுபாடு. நான் மூடியைச் செருகித்தான் எழுதுகிறேன். கையெழுத்தை நிதானமாக, பெரிதாக எழுதுகிறவர்களுக்கு அந்தப் பின்பாரம் துணையாகவே இருக்கிறது. ஆனால் செருகும்போது அழுத்தித் திணிக்காதீர்கள், உடலில் கீறல் விழும். இந்த மூடிக்குத் திருகு இல்லை. உள்ளேயிருக்கும் வில் போன்ற தகடுகள் பேனாவின் உலோக வளையத்தைக் கவ்விக்கொள்கின்றன. மெதுவாகத் தள்ளினாலே போதும், இறுதியில் மெத்தென்று அமர்வதை விரல் உணரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மூடியைக் கழற்றி வைத்து இரண்டு பக்கம் எழுதினேன், இழுப்பு நீங்கிவிட்டது. துணியால் மேடுகளை மட்டும் துடைத்தேன், கோடுகளைத் தொடவில்லை.