பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை: 64 கி.மீ.க்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: அம்மாவோடு பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வால்பாறை போகிறேன். சாயங்காலம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமா? அம்மாவுக்கு மலை ஏறினால் தலைசுற்றும்.

பதில் 1: வாய்ப்பே இல்லைங்க. நான் வால்பாறைக்காரன். பஸ்ஸுக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆழியாறு வரை சமதளம், தென்னந்தோப்பு, வண்டி பறக்கும். செக்போஸ்ட் தாண்டியதும் கதையே வேறு: 40 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே லாரி வந்தால் ஒருவர் நின்றுதான் மற்றவர் திரும்ப முடியும். ஒன்பதாவது வளைவில் வரையாடு ரோட்டோரம் நின்றால் கார்க்காரர்கள் எல்லாம் நிறுத்திவிடுவார்கள். கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போவார். அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

அம்மாவை முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இட்லி போதும்.

பதில் 2: காரில் போனால் இரண்டு மணி நேரம் சொச்சம். இருட்டும் முன் ஏறிவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள பாதை.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. அப்படியென்றால் மத்தியானப் பஸ் வேண்டாம், காலையிலேயே கிளம்புகிறோம்.

பதில் 1: அதுதான் சரி. ஸ்வெட்டர் ஒன்று கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அட்டகட்டி தாண்டினால் அம்மாவுக்குக் குளிரும்.