ஓசோபோட்டை வைத்துச் சீட்டு வித்தை: சந்திப்பில் வழி மாறுகிறது

லயத்து_மாயக்காரன் (சுங்கை சிப்புட்)
வணக்கம். தோட்டத்து மண்டபத்தில் தீபாவளி விருந்துக்கு ஒரு வித்தை. பார்ப்பவர் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வார். ஓசோபோட் (வரைந்த கோட்டைப் பார்த்து ஓடும் சின்ன ரோபோ) கோட்டில் ஓடி, கிளை முனைகளில் நிற்கும் ஆறு சீட்டுகளில் அவருடையதைக் காட்ட வேண்டும். மாஜோங் தாளில் (பெரிய, மெல்லிய வெள்ளைத் தாள்) கோடு போட்டிருக்கிறேன். சந்திப்பில் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போகிறது. ரோபோ பழுதா?

சீட்டுக்கட்டு52
பழுதில்லை. நிறக்குறி (ரோபோவுக்குக் கட்டளையாகக் கோட்டில் போடும் நிறத்துண்டுகள்) இல்லாத சந்திப்பில் அது தன்போக்கில் ஒரு வழியை எடுக்கும். சந்திப்புக்கு ஓர் அங்குலம் முன்பாகக் குறி போடுங்கள். இடப்பக்கத்துக்குப் பச்சை-கறுப்பு-சிவப்பு. எல்லாத் திருப்பத்தையும் இடமாகவே வரைந்தால் ஒரே குறி போதும். வரும் திசையில்தான் படிக்கும், தலைகீழாகப் போட்டால் இடப்பக்கம் என்று எடுத்துக்கொள்ளாது.

மாஜோங் தாளை விடுங்கள். மார்க்கர் மை ஊறிக் கோடு விரியும், ஈரக்காற்றில் தாளிலும் சுருக்கம் விழும். வெள்ளை மணிலா அட்டை நல்லது. கோடு சுமார் 5 மில்லிமீட்டர், குறியின் ஒவ்வொரு நிறமும் அதே அளவுக்குச் சதுரமாக. மெல்லிய மார்க்கரால் இரண்டு தடவை இழுத்தால் நடுவில் வெள்ளை தெரியும், ரோபோ அங்கே தடுமாறும்.

இனி வித்தைக்கு வருகிறேன். ஆறு சீட்டை நிறுத்தினால், "52 சீட்டில் இந்த ஆறுக்குள் எப்படி விழுந்தது?" என்று ஒருவராவது கேட்பார். நான்கு இனத்தை மட்டும் நிறுத்துங்கள். ரோபோ இஸ்பேட்டில் போய் நிற்கட்டும், "ராணி" என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

சீட்டைத் திணிப்பதற்கு, அதாவது நாம் நினைத்த சீட்டையே அவர் எடுக்கும்படி செய்வதற்கு, குறுக்கு வெட்டு போதும். இஸ்பேட் ராணி கட்டின் உச்சியில். அவர் பாதியைத் தூக்கி மேசையில் வைப்பார், மீதியை அதன்மேல் நீங்கள் குறுக்கே வையுங்கள். உடனே எடுத்துக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள், அரை நிமிடமாவது கவனத்தைத் திருப்ப வேண்டும். ரோபோவுக்கு அளவுதிருத்தம் (சென்சாரைத் தாளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பச் சரிசெய்வது) செய்வதை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வட்டத்தில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடிக்க, விளக்கு மினுக்க, எல்லார் கண்ணும் அங்கே போகும். பிறகு மேல்பாதியை எடுத்துவிட்டு, கீழ்ப்பாதியின் முதல் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வெட்டிய இடம் அதுதான் என்றே நம்புவார்.

கம்பி_வயர் (ஈப்போ)
மேலே சொன்னது சரி. ஆனால் ரோபோட்டிக் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தால் அந்த மூன்று நிறத்தைப் பார்த்ததும் "குறி போட்டிருக்காரு!" என்று கத்திவிடுவார்கள். ரோபோ போகாத கிளைகளிலும் அதே போல நிறத்துண்டுகள் போட்டு, சுற்றிக் கோலம் வரைந்துவிடுங்கள். கோலம் கோட்டைத் தொடக் கூடாது, இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும்.

சீட்டைத் திணிக்காமல் செய்ய விரும்பினால் மைக்ரோபிட் (நிரல் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை) பொருத்திய வண்டிதான் வழி. அடையாளமிட்ட கட்டில் முதுகைப் பார்த்து இனத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஜிப்பா பையில் இன்னொரு மைக்ரோபிட்: ஏ பொத்தான் அந்த இனத்துக்கான எண்ணைக் கூட்டும், பி அதை வண்டிக்கு அனுப்பும். இரண்டிலும் ரேடியோ குழு எண் ஒன்றாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று ரேடியோ தானாகத் திருப்பிச் சொல்லாது, ஆகவே ஒரே எண்ணை ஐந்தாறு முறை அனுப்பும்படி எழுதுங்கள். எல்இடி திரையை நிரலிலேயே அணைத்துவிடுங்கள், மெல்லிய துணியில் வெளிச்சம் தெரியும்.

வண்டி ஒவ்வொரு சீட்டுக்கும் முன் போட்ட குறுக்குக் கோடுகளை எண்ணி, அந்த எண் வந்ததும் நிற்கும். இங்கேதான் பலருக்கும் சொதப்பும். ஒரே கோட்டின் மேல் இருக்கும்போதே சென்சார் பல தடவை படிப்பதால், இரண்டாம் சீட்டுக்கு முன்பே நான்கு எண்ணி முடித்துவிடும். கறுப்பைப் பார்த்த பிறகு வெள்ளையைப் பார்த்தால்தான் அடுத்ததை எண்ண வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள்.

லயத்து_மாயக்காரன்
நன்றி அண்ணே. ஓசோபோட்டே போதும், குறுக்கு வெட்டோடு. மண்டபத்தில் மேடை விளக்கு நேராக மேசை மேல் விழும், அது கெடுக்குமா?

சீட்டுக்கட்டு52
கெடுக்கும், சென்சார் நிறத்தை மாற்றிப் படிக்கும். விளக்கைப் பக்கத்துக்குத் திருப்பச் சொல்லுங்கள். அளவுதிருத்தத்தை அதே அட்டையில், அதே வெளிச்சத்தில் செய்யுங்கள். ரோபோ ஓர் அங்குலம்தான், மூன்றாம் வரிசைக்கே தெரியாது. மேசைக்கு மேலே கைப்பேசியைக் கட்டிப் புரொஜெக்டரில் காட்டுங்கள், ஆனால் சீட்டுக்கட்டு அந்தப் படத்துக்குள் வரக் கூடாது.