கொழும்பு ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கு எங்கே தடங்கல் வருகிறது? அனுபவப் பகிர்வு

தாதி, வெள்ளவத்தை:
அரச ஆஸ்பத்திரியில் டொக்டருக்கும் வார்ட்டுக்கும் காசு இல்லை. பெரியாஸ்பத்திரி (கொழும்பு தேசிய ஆஸ்பத்திரி), பொரளை லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி எல்லாமே பஸ்ஸில் போகும் தூரம்தான். அப்படியிருந்தும் எங்கட ஆட்களில் பலருக்குச் சரியான வைத்தியம் பிந்தித்தான் கிடைக்கிறது. நோயாளி சொன்னது டொக்டருக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. டொக்டர் எழுதியது வீட்டுக்கு வந்து சேருவதில்லை.

ஆகப் பயமானது நெஞ்சு விஷயம். "நெஞ்சு அடைக்குது", "நெஞ்சைப் பிசையுது" என்று அம்மா தமிழில் சொல்லுவார். கூட வந்த பிள்ளை அதைச் சிங்களத்தில் மூச்சுக் கஷ்டம் என்றோ, காஸ் என்றோ மாற்றிச் சொல்லிவிடும். "வாயு" என்று அம்மாவே சொன்னால் கதை இன்னும் வழி தவறும். பிறகு ஈசிஜி எடுப்பது பிந்தும். நெஞ்சு இறுக்கத்துக்கு "பப்புவ ஹிர வெனவா", நெஞ்சு நோவுக்கு "பப்புவ ரிதெனவா", மூச்சு எடுக்கக் கஷ்டத்துக்கு "ஹுஸ்ம கன்ன அமாருய்". இந்த மூன்றையும் வீட்டில் எல்லோரும் பாடமாக்கி வையுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நிமிஷம் நின்றது, நடந்தால் கூடுதா, கைக்கோ தாடைக்கோ பரவுதா என்பதையும் தமிழில் ஒரு துண்டில் எழுதி, சிங்களம் தெரிந்தவரிடம் முதலே கொடுத்துவிட்டால், கியூவில் நிற்கும்போது அவர் யோசித்து வைத்திருப்பார்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இரத்தப்போக்கு, கர்ப்பப்பை, சலம் பற்றி அம்மா தன் மகனுக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். அந்த வார்ட்டிலோ கிளினிக்கிலோ தமிழ் பேசும் மிஸி (தாதி), அட்டெண்டன் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பல நாள் இருப்பார்கள். கேட்காததால்தான் தெரியாமல் போகிறது.

பாமசி வேலை, கொட்டாஞ்சேனை:
அக்கா சொன்னதன் மற்றப் பாதி மருந்து உறையில் இருக்கிறது. குளிசை உறையில் சிங்களத்தில்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும்: உதே என்றால் காலை, தவல் மத்தியானம், ரே இரவு, கேமட்ட பெர சாப்பாட்டுக்கு முன், கேமட்ட பசு சாப்பாட்டுக்குப் பின். எழுத்தே வாசிக்கத் தெரியாதவருக்கு இதுவும் உதவாது. கவுண்டரை விட்டு நகர முன்பே சூரியனும் நிலாவும் பேனையால் கீறுவித்துக்கொள்ளுங்கள். பாதிக் குளிசை என்றால் பாதி வட்டம். துண்டில் டொக்டர் எழுதும் மேனே என்பது காலை, நொக்டே இரவு, பிடி இரண்டு நேரம், டிடிஎஸ் மூன்று நேரம்.

அடிக்கடி நடக்கும் பிழை இது. கிளினிக்கில் லொசாட்டன் என்ற பிரஷர் மருந்து கொடுத்திருப்பார்கள். இடையில் பிரைவேட் டொக்டர் அதே மருந்தை வேறு கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார். நிறமும் பெட்டியும் வேறு என்பதால் இரண்டையும் போடுகிறார்கள், பிரஷர் சடாரென்று இறங்கி குளியலறையில் விழுகிறார்கள். கிளினிக்குக்கும் பிரைவேட்டுக்கும் போகும்போது பெட்டியை அல்ல, குளிசைக் காட்களையே (குளிசை பதித்த அட்டைகளை) ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். காட்டை வெட்டிக் கொடுத்தால் மருந்தின் பெயரும் திகதியும் இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள், அந்தத் துண்டில் உள்ள குளிசைகளைக் கடைசியாகப் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டால் வெளியில் வாங்கத் துண்டு தருவார்கள். அரச மருந்துக் கடையான ஒசுசலவில் முதலில் கேட்டுப் பாருங்கள். கம்பனிப் பெயர் எழுதியிருந்தாலும் மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை குறைந்தது இருக்கக்கூடும்.

வெறும்வயிற்று இரத்தம் எடுக்கும் நாளில் இன்னொரு குழப்பம். எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வரச் சொன்னால் பிரஷர் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். அன்று பிரஷர் ஏறித்தான் நிற்கும், டொக்டர் டோசைக் கூட்டிவிடுவார். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போடலாம். காலைக்குரிய சீனி வருத்தக் குளிசையும் இன்சுலினும் மட்டும் இரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு. உங்கள் டொக்டர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

மட்டக்குளி, சுகாதார முகாம்களில் தொண்டர்:
1990 என்ற அம்புலன்ஸ் போன் இலக்கம் பற்றிச் சுருக்கமாக: 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை, தமிழிலும் பேசலாம். எங்கட தோட்டங்களில் (நகரத்து நெருக்கமான குடியிருப்புகளில்) 125/36 மாதிரி வீட்டு இலக்கம் சொன்னால் டிரைவருக்கு ஒன்றும் விளங்காது. கோயிலோ கடையோ அருகில் இருப்பதைச் சொல்லி, ஒருவரை ஒழுங்கை வாசலில் நிறுத்துங்கள். திரும்பக் கூப்பிடுவார்கள், அதனால் போனை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

முகாம் நடத்துபவர்களுக்குத்தான் நான் கூடச் சொல்லவேண்டும். கோயில் மண்டபத்தில் 100 பேருக்குப் பிரஷர் பார்த்து, கை குலுக்கி அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை. படியேறி வந்தவருக்கு உடனே பார்க்கக்கூடாது, ஐந்து நிமிஷம் கதிரையில் சாய்ந்து, கால் நிலத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டி கட்டினால் அளவு நம்பத்தகாதது. சீனி பார்க்க முன் கை கழுவச் சொல்லுங்கள். மாம்பழம் சாப்பிட்ட விரலில் குத்தினால் மெஷின் பழத்தின் சீனியையும் சேர்த்துக் காட்டும். ஸ்ட்ரிப் போத்தலை ஒவ்வொரு தடவையும் இறுக்கி மூடுங்கள், கொழும்பின் ஈரக்காற்றில் அது கெதியாகக் கெட்டுவிடும்.

நேரமும் முக்கியம். புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வரமாட்டார், ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஞாயிறு காலையோ ஆறு மணிக்குப் பிறகோ வைத்தால் வருவார். அளவு கூடியிருந்தால் எந்த ஆஸ்பத்திரி, எந்த கிளினிக், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நம்பர் துண்டு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய கடிதம் கையில் கொடுங்கள். இரண்டு கிழமையில் போன் எடுத்து, போனாரா என்று கேளுங்கள். அந்த ஒரு போனுக்காகத்தான் பலர் உண்மையில் போகிறார்கள்.

35 வயதான பெண்களுக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பகுதியின் வெல் வுமன் கிளினிக்கையும் (பெண்கள் நலக் கிளினிக்) அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். வெட்கப்பட்டு நிற்பவர்களுக்குத் தோட்டத்து மருத்துவிச்சியே முன்வந்து கூட்டிப் போனால் நல்லது.

தாதி, வெள்ளவத்தை:
கடுதாசி பற்றி ஒன்று விட்டுப்போச்சு. ஈசிஜி அச்சாகும் காகிதம் சூடு பட்டால் கறுக்கும். லேமினேட் பண்ணினால் முழுவதும் கறுத்து, ஒரு கோடும் தெரியாமல் போகும். எடுத்த அன்றே போட்டோகொப்பி அடித்து, டயக்னோசிஸ் காட்டோடு (நோய் விபரம் எழுதித் தரும் அட்டையோடு) கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மூலத்தை வெயில் படாத அலுமாரித் தட்டில் வைத்தால் போதும்.