எல்சாக் கணக்கில் டிரான்ஸ்கிரிப்ட் ஏறவே இல்லை, அவசர உதவி வேண்டும்

தென்காசிப்_பெண்:
வணக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். என் டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவு) கூரியரில் போய் ரொம்ப நாளாகிறது. அமெரிக்காவில் டெலிவரி ஆகிவிட்டது. சட்டக் கல்லூரிகளுக்காக விண்ணப்ப ஆவணங்களைத் திரட்டும் எல்சாக் (LSAC) அமைப்பில் உள்ள என் கணக்கில் மட்டும் 'வரவில்லை' என்றே நிற்கிறது. கடைசித் தேதி நெருங்குகிறது. என்ன செய்வது, யாராவது உடனே சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:
எல்எல்எம்முக்கா (சட்ட முதுகலை), ஜேடிக்கா (அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டம்)? என்ன பட்டம் படித்தீர்கள்? கவரை அனுப்பியது நீங்களா, பல்கலைக்கழகமா?

மதுரை_வக்கீல்:
நிச்சயம் பெயர்ச் சிக்கல்தான். மார்க்‌ஷீட்டில் இனிஷியலோடு ஒற்றைப் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எல்சாக் கணக்கைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திறந்திருப்பீர்கள். கவரைப் பிரிப்பவருக்கு இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? மார்க்‌ஷீட்டில் உள்ள பெயரையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

நிலா_நியூஜெர்சி:
எனக்குப் பெயர் பெரிய பிரச்சினையாகத் தோன்றவில்லை. டிரான்ஸ்கிரிப்ட் கோரும் படிவத்தைக் கணக்கிலிருந்து அச்சிட்டுக் கவருக்குள் வைத்தீர்களா? அதில்தான் உங்கள் எல்சாக் எண் இருக்கும். படிவம் இல்லாத கவர் யாருடையது என்று தேடவே நாளாகும். வந்து சேர்ந்தாலும், வெளிநாட்டு மதிப்பெண்களை மதிப்பிட்டு அறிக்கை தயாரிக்கத் தனியாகச் சில வாரங்கள் பிடிக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்புலி:
தினமும் இதே கேள்வி. விண்ணப்பிக்கும் முன் எல்சாக் தளத்தை ஒரு தடவை படிக்கும் பொறுமை இல்லையா? பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். இதைக்கூடப் படிக்காதவர் நியூயார்க் பார் தேர்வை (வழக்கறிஞர் உரிமத் தேர்வு) எப்படி எழுதப் போகிறாரோ. அதற்கு எல்எல்எம் கட்டாயம் என்பதாவது தெரியுமா?

ஆலமரத்தடி:
சார், அவர் பார் தேர்வைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீங்கள் சொன்னதும் சரியில்லை. நியூயார்க்கின் 520.6 விதிப்படி, இந்தியா போல ஆங்கிலப் பொதுச் சட்ட மரபுள்ள நாட்டில், அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு ஈடான காலம் முழுநேரமாகப் படித்தவர் எல்எல்எம் இல்லாமலே எழுதலாம். காலமோ பாடமோ இரண்டில் ஒன்று குறைந்தால் அதை ஈடுகட்டத்தான் எல்எல்எம். அதிலும் குறைந்தது 24 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு) வேண்டும், வகுப்பும் அமெரிக்காவில் நேரில் நடக்க வேண்டும்.

சட்டப்புலி:
இந்தியாவிலிருந்து போகும் எல்லாரும் எல்எல்எம் முடித்துத்தான் எழுதுகிறார்கள்.

ஆலமரத்தடி:
எல்லாரும் செய்வதால் அது விதியாகிவிடாது. லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் நியூயார்க் பார் தேர்வு வாரியத்திடம் தகுதி மதிப்பீடு கேட்டுவிடுவது நல்லது. கலிபோர்னியாவிலும், தன் நாட்டில் வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் எல்எல்எம் இல்லாமல் எழுத வழி இருக்கிறது.

மதுரை_வக்கீல்:
சண்டை போதும், அந்தப் பெண் பதற்றத்தில் இருக்கிறார். பெயரைப் பாருங்கள் அம்மா.

தென்காசிப்_பெண்:
மன்னிக்கவும், ஊருக்குப் போயிருந்தேன். ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்பி, விண்ணப்பிப்பது எல்எல்எம்முக்கு. பல்கலைக்கழகத்தில் சீல் வைத்துக் கையில் கொடுத்தார்கள், நான்தான் கூரியரில் போட்டேன். படிவம் வைக்கவில்லை. பெயரும் மதுரை அண்ணன் சொன்ன மாதிரியே இருக்கிறது.

நிலா_நியூஜெர்சி:
அப்போ இரண்டையும் சரிசெய்யுங்கள். படிவத்தை அச்சிட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் பெயரிலேயே அனுப்பச் சொல்லுங்கள். கூரியர் ரசீதின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் அட்மிஷன் அலுவலகத்துக்கும் நிலைமையை விளக்கி இன்றே மின்னஞ்சல் போடுங்கள். முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் காத்திருப்பார்கள்.

கோவை_ஜேடி_கனவு:
இடையில் ஒரு கேள்வி. எல்எல்எம்முக்கும் எல்சாட் (சட்டப் படிப்பு நுழைவுத்தேர்வு) எழுத வேண்டுமா?

ஆலமரத்தடி:
வேண்டாம் தம்பி, அது ஜேடிக்கு. ஜேடிக்குப் பல கல்லூரிகள் ஜிஆர்இ என்ற பொது நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. எல்சாட்டுக்குப் பழைய புத்தகம் வாங்கினால் கவனம், லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள்.

தென்காசிப்_பெண்:
'வந்தது' என்று காட்டுகிறது! இரண்டு பெயரையும் சேர்த்தேன், பல்கலைக்கழகமும் படிவத்தோடு அனுப்பியது. எதனால் சரியானது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் நன்றி.

திருச்சி_2025:
எனக்கும் இதே சிக்கல். பதிவாளர் அலுவலகத்தில் எந்தப் பிரிவில் கேட்டீர்கள்? நேரடியாக அனுப்ப ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.