ரைக்ஸ்ட்ராசெ 1 (பழைய ஜெர்மன் நெடுஞ்சாலை): எல்பிங்குக்கு அப்புறம் கோடு பொருந்தவில்லை

காரைக்குடி:
கையில் ஆண்டு போடாத ஜெர்மன் ரோடு மேப். ஆகெனிலிருந்து பெர்லின், கோனிக்ஸ்பெர்க் (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்) தாண்டிக் கிழக்கு எல்லை வரை '1' என்று ஒரே கோடு. இன்றைய மேப்பில் ஏற்றிப் பார்க்கிறேன். ஓடர் ஆறு வரை ஜெர்மனியின் பி1 நெடுஞ்சாலை, அப்புறம் போலந்தின் 22ஆம் எண் சாலை. இன்று போலந்தில் உள்ள எல்பிங்குக்கு மேல் பழைய கோடு வடக்கே காயல் பக்கம் ஒதுங்குகிறது, 22 ஒதுங்கவில்லை. கோனிட்ஸ் ஊர்ப் பக்கம் பழைய கோட்டில் கொஞ்ச தூரம் எண்ணே இல்லை. ஏன்? மேப் எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க முடியுமா?

தேவகோட்டை:
அண்ணே, எல்பிங்குக்கு மேல் நீங்கள் பிடித்தது வேறு ரோடு. அங்கே 22இன் தொடர்ச்சியான இன்றைய எஸ்22 விரைவுச்சாலை, பெர்லின்–கோனிக்ஸ்பெர்க் ஆட்டோபானுக்காக (அதிவேக நெடுஞ்சாலை) 1930களில் போட்ட தடத்தின் மேல் போகிறது. பழைய 1 பிரவுன்ஸ்பெர்க், ஹைலிகன்பைல் வழி. இப்போது பிரானியேவோ, மாமோனோவோ என்று தேடுங்கள். போலந்தில் இரண்டையுமே 'பெர்லிங்கா' என்பதால்தான் பலரும் இங்கே வழுக்குகிறார்கள்.

விஸ்துலா ஆற்றையும் ஒருமுறை பாருங்கள். 22 டிர்ஷாவ் (இன்று போலந்தின் ட்செவ்) ஊருக்குத் தெற்கே கடக்கிறது. பழைய 1 ஊர்ப் பாலத்திலேயே கடந்தது. 1857இல் திறந்த பாலம், முதலில் ரயிலுக்கும் வண்டிக்கும் பொது. 1891இல் பக்கத்தில் ரயிலுக்குத் தனிப் பாலம் வந்ததும் பழையது வண்டிக்கு விடப்பட்டது. 1939 செப்டம்பர் 1 காலை, ஜெர்மன் படை பிடித்துவிடக் கூடாதென்று போலந்து ராணுவமே வெடி வைத்துத் தகர்த்தது.

மேற்கே எஸ்ஸென்–டோர்ட்முண்ட் நடுவிலும் பி1ஐத் தேடாதீர்கள், பெரும்பகுதி ஏ40 ஆட்டோபான் ஆகிவிட்டது.

கானாடுகாத்தான்:
எண் விட்டுப்போனது அச்சுப் பிழையில்லை. முதல் உலகப் போருக்குப் பின் கோனிட்ஸிலிருந்து டிர்ஷாவ் வரை போலந்து. விஸ்துலாவுக்கும் நோகாட் ஆற்றுக்கும் நடுவே, தனி ஆட்சியாக இருந்த டான்சிக் சுதந்திர நகரத்தின் நிலம். மரியன்பர்க்கில்தான் மறுபடி ஜெர்மனி.

ஆண்டுக்கு இரண்டு அடையாளம். எண் வந்தது 1932இல், ஆனால் அப்போது பெயர் ஃபெர்ன்ஃபெர்கேர்ஸ்ட்ராசெ; 1934இல்தான் ரைக்ஸ்ட்ராசெ. நம்ம திருச்சி–ராமநாதபுரம் ரோடு 210ஆக இருந்து 336, 536 ஆன மாதிரி, தடம் பழசு, பெயர்தான் மாறும். அடுத்து, கிழக்குக் கோடி ஊரைப் படியுங்கள். ஐட்குனன் என்றால் 1938க்கு முந்திய பெயர். அந்த ஆண்டு அதை ஐட்காவ் என்று மாற்றினார்கள்.

காரைக்குடி:
ஐட்குனன்தான். மூலையில் ரைக்ஸ்ட்ராசெ என்றும் இருக்கிறது.

கானாடுகாத்தான்:
அப்படியென்றால் 1934–38 என்று பென்சிலில் எழுதி வையுங்கள். விற்றுத் தீராத பழைய அச்சை ஓரிரு ஆண்டு கழித்தும் திருத்தாமல் போட்டிருக்கலாம், மை வேண்டாம்.